உறைந்த ஏரியைப் படம் பிடித்தோம்

பழவேற்காட்டு ஏரியோரத்தில் வாழும் நம் மக்களிடம் பனி என்று சொன்னால் அவர்கள் நினைப்பது மார்கழிப் பனியையே. விடியற்காலையில் வலை எடுக்கப் போகிறவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வார். கிறிஸ்து பிறப்பு நாள்களில் கோவிலுக்கு வரும் பாட்டிமார் பேரக்குழந்தையின் காதை முந்தானையால் மூடுவார்கள். ஏரியின்மேல் வெண்புகைபோல் ஒன்று படர்ந்து நிற்கும். எட்டு மணி வெயில் பட்டதும் மறைந்துவிடும். அவ்வளவுதான் பனி. வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கி, மலைகளை மூடி, சில வேளை மனிதரையும் மூடிவிடும் பொருளுக்கும் தமிழில் அதே பெயர்தான். தானியேல் நூலில் தீச்சூளையின் நடுவே மூன்று இளைஞர் பாடிய பாடலை ஞாயிறு காலைத் திருப்புகழ்மாலையில் நாம் ஓதுகிறோம். அதில் குளிரும் உறைபனியும் வெண்பனியும்கூட ஆண்டவரை வாழ்த்துமாறு அழைக்கப்படுகின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்பாடலை ஓதியபோதெல்லாம் நம் மனக்கண்ணில் தோன்றியது, உள்ளதைச் சொன்னால், மீன் லாரியில் உடைத்துக் கொட்டும் ஐஸ் கட்டியே.

2018-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் லடாக்கு நாட்டுக்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. குருமடத்தில் நம்மோடு பயின்று, இப்போது வட இந்தியாவில் பணிபுரியும் குருவானவர் ஒருவர், அவ்வாண்டு குளிர்காலத்தில் சில வாரங்கள் லே நகரில் தங்கியிருந்தார். "காமிராவை எடுத்துக்கொண்டு வாரும், இங்கே இறைவன் வரைந்து வைத்திருப்பதைக் கோடையில் வருகிறவர்கள் பார்ப்பதில்லை" என்று எழுதியிருந்தார். நிழற்படக் கலையில் நமக்கு இளமை முதல் ஈடுபாடு உண்டு. ஆனால் நாம் புறப்பட்டதற்கு அது மட்டுமே காரணமன்று.

கோட்டைக்குப்பம் என்னும் ஊர்ப்பெயரில் உள்ள கோட்டை, 1613-ஆம் ஆண்டு டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டையாகும். இன்று அதில் கோட்டை என்று சொல்லத்தக்கதாக மிஞ்சியிருப்பது அகழியும் முட்புதரும்தான். குப்பமோ உயிரோடு இருக்கிறது. ஏரியில் இறால் பிடிக்க இவ்வூராரும் ஆண்டிக்குப்பத்தாரும் நடூர் மாதாக்குப்பத்தாரும் பாடு முறையைப் பின்பற்றி வருகின்றனர். இன்ன நாள் இன்ன இடத்தில் இன்னார் சுத்து வலை கட்டவேண்டும் என்பது தலைக்கட்டுக் கணக்குப்படி முறை வைத்து வரும். ஒருவர் இடத்தில் மற்றவர் இறங்கமாட்டார். நல்ல முறை; ஆனால் ஏரியே மெலிந்துவிட்டால் முறை என்ன செய்யும்? முகத்துவாரம் மணல் மூடுகிறது, இறால் குறைகிறது, பாடு நாள் வந்தும் வெறுங்கூடையோடு திரும்புகிறார்கள். ஆகவே இளைஞர்கள் வேறு வேலை தேடிப் போகின்றனர். அப்படிப் போன ஒருவர் பட்டாளத்தில் சேர்ந்தார். அவருடைய தாய் தந்தையர் நம் பங்கைச் சேர்ந்தவர்கள். பெயர் வேண்டாம், ஊரார் அறிவார்கள்.

2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், சியாச்சின் பனியாற்றில் 19,600 அடி உயரத்தில் சோனம் என்னும் காவல்முனையின்மேல் பனிச்சரிவு விழுந்து, மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த பத்துப் பேரை மூடிய செய்தியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டினர். செய்தி தொலைக்காட்சியில் வந்த இரவு, அந்தத் தாய் நம் இல்லத்து வாசலில் வந்து நின்றார். அவருடைய மகன் வேறு படைப்பிரிவினர், வேறு இடத்தில் இருந்தார். ஆனால் படைப்பிரிவு எண்ணெல்லாம் அந்தத் தாய்க்கு எங்கே தெரியும்? "மதராஸ் பட்டாளம்னு சொல்றாங்களே சாமி, நம்ம புள்ளைங்கதானே" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் மாலையில் மகன் தொலைபேசியில் பேசிய பின்பும் அவர் அமைதி அடையவில்லை. ஆறு நாள் கழித்து, இருபத்தைந்து அடிப் பனிக்குக் கீழேயிருந்து கருநாடகத்து வீரர் அனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டபோது ஊரெங்கும் செபம் நடந்தது. 11-ஆம் நாள் அவரும் தில்லி மருத்துவமனையில் இறந்தார். பத்துப் பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

1984-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நம் படைகள் அந்தப் பனியாற்றைக் காத்து நிற்கின்றன. 2003-ஆம் ஆண்டு நவம்பரில் துப்பாக்கிச் சண்டை நின்றது. குண்டினால் இறந்தவர்களைவிடக் குளிராலும் பனிச்சரிவாலும் உயரத்தாலும் இறந்தவர்களே அங்கு மிகுதி. 2017-ஆம் ஆண்டு நம் பங்கு மகனும் அங்கே அனுப்பப்பட்டார். விடுப்பில் வந்த நண்பர் ஒருவர்வழியாக வீட்டுக்கு ஒரு படம் கொடுத்தனுப்பினார். அஞ்சலட்டை அளவுள்ள அந்தப் படத்தில் நான்கு பேர் நின்றார்கள். நால்வரும் வெள்ளை உடுப்பு. நால்வர் கண்ணிலும் கறுப்புக் கண்ணாடி. மூக்கும் வாயும் துணிக்குள்ளே. பின்னால் ஒரு வெள்ளைச் சரிவு. முகாமோ ஆயுதமோ எதுவும் தெரியவில்லை. இடப்பக்கத்தில் நிற்பவரே தம் மகன், தோளைச் சாய்த்து நிற்பது அவன்தான் என்பது தாயின் வாதம். நடுவில் இருப்பவனே என்பது தந்தையின் உறுதி. இந்த வழக்கு வீட்டில் பல நாள் நடந்தது. ஒருமுறை நம்மையும் நடுவராக அழைத்தார்கள். நாமும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தோம். தீர்ப்புச் சொல்ல இயலவில்லை.

நாம் லடாக்கு செல்வதைப் பூசைக்குப் பின் அறிவித்தபோது அத்தாய் வந்தார். "சாமி, எம் புள்ளை நிக்கிற எடத்த ஒரு படம் புடிச்சிட்டு வாங்க. எப்டித்தான் இருக்குதுன்னு கண்ணால பாத்துடறேன்." சியாச்சினுக்கு நம்மைப் போன்றோர் போக இயலாது என்று விளக்கினோம். "அந்தப் பக்கத்துப் பனியாச்சும் புடிச்சிட்டு வாங்க" என்றார். கையில் ஒரு விக்ஸ் டப்பாவும் கம்பளித் தொப்பியும் கொடுத்தார். தொப்பி மகனுக்கா நமக்கா என்று கேட்டோம். யாரைப் பார்க்கிறீர்களோ அவர்களுக்கு என்றார்.

பனிமலையைப் படம் பிடிப்பதில் நம் மனம் ஈடுபட்டது ஒரு குருவானவராலேயே. குருமடத்து நூல்நிலையத்தில் இருந்த பழைய இத்தாலிய நூலொன்றில் அருட்தந்தை அல்பெர்த்தோ மரியா தெ அகொஸ்தீனி எடுத்த படங்களைக் கண்டோம். இத்தாலியில் பியெல்லா நகரை அடுத்த பொல்லோனே என்னும் ஊரில் 1883-ஆம் ஆண்டு பிறந்து, சலேசிய சபையில் குருவாகி, 1910-ஆம் ஆண்டு தென்னமெரிக்காவின் தென்கோடிக்கு அனுப்பப்பட்டவர் அவர். புயலும் பனியும் ஓயாத பத்தகோனியா மலைகளில் காமிராவைச் சுமந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் அலைந்தார். சார்மியெந்தோ என்னும் சிகரத்தை இளமையில் ஏற முயன்று இயலாமற்போக, எழுபது வயதைக் கடந்தபின் 1956-ஆம் ஆண்டு மீண்டும் ஒரு குழுவை நடத்திச் சென்றார். அக்குழுவின் இருவர் உச்சியை அடைந்தனர். முதியவரான அவர் கீழிருந்து பார்த்தார். சிலி நாட்டில் ஒரு தேசியப் பூங்கா இன்று அவர் பெயரால் விளங்குகிறது. மலைகளை மட்டுமன்றி, அங்கு வாழ்ந்த செல்க்னாம் முதலிய பழங்குடியினரையும் அவர் படமெடுத்தார். வெள்ளையர் துப்பாக்கியாலும் நோயாலும் அம்மக்கள் அழிந்துகொண்டிருந்த காலம் அது. நம் சபையினர் நடத்திய தவுசன் தீவு நிலையத்தில் அடைக்கலம் புகுந்தோரிலும் பலர் நோயால் மாண்டனர். அந்த மலைப்படங்களைப் பார்க்கும்போது கண் குளிர்கிறது. மனிதர் படங்களைப் பார்க்கும்போது கண்ணைத் திருப்பத் தோன்றுகிறது. இரண்டையும் எடுத்தது ஒரே கை.

நம் இமயத்தைப் படம் பிடித்தவர்களும் உண்டு. நாட்டிங்ஹாமில் வங்கிக் குமாஸ்தாவாயிருந்த சாமுவேல் போர்ன் 1863-இல் இந்தியா வந்து, மும்முறை இமயம் ஏறினார். அந்நாளில் பிலிம் இல்லை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது ஈரமாயிருக்கும்போதே படமெடுத்து, ஈரம் காய்வதற்குள் கூடாரத்து இருளில் கழுவி முடிக்கவேண்டும். விரல் மரத்துப்போகும் குளிரில் இதைச் செய்து பாருங்கள்! 1866-இல் மணிராங் கணவாயில் 18,600 அடி உயரத்தில் அவர் எடுத்த படங்களைவிட உயரத்தில் எடுத்த படம் அதற்குப்பின் இருபது ஆண்டுகளுக்கு இல்லை. படங்களின் அடியில் போர்னின் பெயர் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிகளையும் மருந்துச் சீசாக்களையும் முதுகில் சுமந்து ஏறியவர்களின் பெயர் இல்லை. அவருக்குப் பின் வித்தோரியோ செல்லா; இவரும் பியெல்லாக்காரர். மத்தேர்ஹார்ன் சிகரத்தை முதன்முதல் குளிர்காலத்தில் ஏறியவர், 1882-இல். 1899-இல் டக்ளஸ் ஃபிரெஷ்பீல்டு என்பாரோடு கஞ்சன்ஜங்காவைச் சுற்றி வந்தார். 1909-இல் சியாச்சின் இருக்கும் அதே காரகோரம் தொடரில் கே-2 சிகரத்தைப் படமெடுத்தார். பல கிலோ எடையுள்ள காமிராவும், முப்பதுக்கு நாற்பது சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகளும் அவரோடு மலையேறின. அப்படங்களை அச்சில் பார்த்தவர்கள், பனியின்மேல் காற்று வரைந்த கோடுகளைக்கூட எண்ணலாம். மலையேற்றத்தில் திருச்சபைக்கும் பங்குண்டு என்பதற்கு இன்னொன்று: 1889-இல் மோந்தே ரோசா மலையைக் கிழக்குச் சுவர்வழியாய் ஏறி, இரவெல்லாம் பாறை விளிம்பில் நின்றே கழித்த குருவானவர் ஆக்கில்லே ராத்தி, பின்னாளில் பதினொன்றாம் பத்திநாதர் என்னும் திருத்தந்தையானார்.

இனி நம் காமிராவுக்கு வருவோம். நம்மிடம் இரண்டு இருந்தன. ஒன்று, பாட்டரி இல்லாமலே இயங்கும் பழைய பிலிம் காமிரா. ஏரிக்காற்றின் ஈரத்தில் அதன் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்காமல் காப்பதே பழவேற்காட்டில் பெரும் பாடு. மற்றது, பங்கு இளைஞர் ஒருவர் இரவல் தந்த மின்னணுக் காமிரா. இவற்றைக் கடுங்குளிரில் எப்படிப் பேணுவது என்று நண்பர் முன்கூட்டியே எழுதியிருந்தார். குளிரில் பாட்டரியின் ஆற்றல் விரைவில் ஒடுங்கும். செத்துவிட்டது என்று எறிந்துவிடக் கூடாது; உடம்பின் வெதுவெதுப்பில் வைத்தால் மீண்டும் உயிர் பெறும். ஆகவே மூன்று பாட்டரிகளைச் செபமாலையோடு உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம். பிலிம் சுருள் குளிரில் விறைத்து முறியும். வேகமாகச் சுற்றினால் உராய்வு மின்சாரம் தோன்றிப் படத்தில் மின்னல் கீற்றுப்போல் கறை விழும். ஆகவே குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல் மெல்லச் சுற்றவேண்டும். இரும்பு முக்காலியின் கால்களில் பழைய வேட்டித் துணியைச் சுற்றினோம். வெறுங்கையால் குளிர்ந்த உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். 1910-இல் ஸ்காட் துரையின் குழுவோடு தென்துருவக் கண்டம் சென்ற ஹெர்பர்ட் பாண்டிங் என்னும் படப்பிடிப்பாளருக்கு ஒருமுறை நாக்கு நுனியே காமிராவில் ஒட்டிக்கொண்டதாம். பிய்த்தெடுத்தபோது தோல் காமிராவோடு போயிற்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது அறைக்குள் நுழையும்போது செய்யவேண்டியது. சோடாப் பாட்டிலை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தால் அதன்மேல் முத்து முத்தாக நீர் கோக்கும் அல்லவா? குளிரிலிருந்து வெப்ப அறைக்குள் வரும் காமிராவுக்கும் அதுவே நேரும், உள்ளுக்குள்ளும் நேரும். ஆகவே வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் இட்டு இறுகக் கட்டி, உள்ளே வந்து இரண்டு மூன்று மணி நேரம் தொடாமல் வைக்கவேண்டும். நீர் பையின்மேல் கோக்கும், காமிரா பிழைக்கும்.

தில்லியிலிருந்து விமானத்தில் லே நகரை அடைந்தோம். 11,500 அடி உயரம். இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கவேண்டும் என்பது அங்குள்ள சட்டம். மாடிப்படி ஏறினாலே மூச்சு இரைக்கும். விடியற்காலையில் வெப்பமானி பூஜ்யத்திற்குக் கீழ் 19 பாகை காட்டியது. ஞாயிறன்று நண்பர் தங்கியிருந்த வீட்டு அறையில் திருப்பலி. புகாரி என்று அவர்கள் அழைக்கும் விறகடுப்பு நடுவில் எரிந்தது. அப்படியிருந்தும் சன்னலோரம் வைத்த சிறு குப்பியில் தண்ணீர் கட்டியாய் உறைந்திருந்தது. இரசத்தில் கலக்க ஒரு சொட்டு நீருக்காக அக்குப்பியை அடுப்பருகே வைத்துச் சற்றுக் காத்திருந்தோம். தண்ணீருக்காகத் திருப்பலி நின்றதை, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே பணிபுரியும் நாம் அதற்கு முன் கண்டதில்லை.

அத்திருப்பலிக்கு இரண்டு தமிழ் வீரர்கள் வந்திருந்தார்கள். தமிழில் ஒரு பாடல் பாடலாமா என்று அவர்களே கேட்டார்கள். பாடத் தொடங்கி இரண்டாம் அடியில் ஒருவருக்குக் குரல் எழவில்லை. உயரத்து மூச்சிரைப்பு என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டார். பின்பு தேநீர் அருந்தினோம். பட்டாளத்தாரைப் படமெடுப்பதற்கு ஒழுங்கு விதிகள் உண்டு. முகமும் சீருடையும் வேண்டாம் என்றார்கள். ஆகவே தேநீர்க் குவளையைப் பொத்திப் பிடித்திருந்த அவர்களுடைய கைகளை மட்டும் இசைவு பெற்றுப் படமெடுத்தோம். வெடித்த தோல், வீங்கிச் சிவந்த கணுக்கள். கம்பளித் தொப்பியை அவர்களுள் இளையவருக்குக் கொடுத்தோம். யார் பின்னியது என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின்தான் அதைத் தலையில் இட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாளுக்குப் பின் அனுமதிச் சீட்டுப் பெற்று பாங்கோங் ஏரிக்குச் சென்றோம். வழியில் சாங்லா கணவாய், 17,000 அடிக்கு மேல். எல்லைச் சாலைத் துறையினர் பனியை வெட்டி வழி திறந்து வைத்திருந்தார்கள். அங்கே ஐந்து நிமிடம் இறங்கி நின்றோம். கண்ணாடி அணியாமல் பார்க்க இயலாது. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அடிக்கிறது. நண்பகலில் நம் ஏரியின் மணல்திட்டில் கண் கூசுவது அதன் முன் நிழலைப் போன்றது.

பாங்கோங் ஏரி ஏறத்தாழ 14,000 அடி உயரத்தில், 134 கிலோமீட்டர் நீளத்திற்கு இந்தியாவிலும் திபேத்திலுமாகக் கிடக்கிறது. நம் பழவேற்காட்டு ஏரியும் தமிழ்நாடு, ஆந்திரம் என இரண்டு மாநிலத்தில் கிடப்பதே. நீளம் அதில் பாதிக்கும் குறைவு. இரண்டும் உப்புக் கரிக்கும் நீர். ஆனால் அந்த ஏரி கரை முதல் கரை வரை உறைந்து கிடந்தது. வெள்ளையும் நீலமும் கலந்த கண்ணாடித்தளம். அதன் உள்ளே மரக்கிளைபோல் ஓடும் வெடிப்புகள். வெயில் ஏறியபோது அடியிலிருந்து ஓர் ஒலி எழுந்தது. தொலைவில் யாரோ பெரிய மத்தளத்தை ஒருமுறை அடித்து நிறுத்தியதுபோல் இருந்தது. உறைநீர் விரிவதாலும் சுருங்குவதாலும் எழும் ஒலி என்று ஓட்டுநர் சொன்னார். சொன்ன பின்பும் அடுத்த ஒலிக்கு உடல் அதிர்ந்தது. கோடையில் அவ்வேரிக்கரையில் குஞ்சு பொரிக்கும் பழுப்புத் தலைக் கடற்காகங்கள் குளிர்காலத்தில் நம் நாட்டுக் கடற்கரைகளுக்கு இறங்கி வருகின்றன. நம் படகுகளைச் சுற்றிக் கூச்சலிட்டு மீன் கேட்கும் வெண்பறவைகளுள் அவையும் உண்டு. அங்கே அன்று ஒரு பறவையும் இல்லை; எல்லாம் நம்மூரில் இருந்தன.

படமெடுக்கையில் ஒரு நுட்பத்தைச் சொல்லவேண்டும். முதல் நற்கருணை வாங்கும் சிறுமியரின் வெள்ளை உடை சில படங்களில் சாம்பல் பூத்தாற்போல் அழுக்காகத் தெரிவதைப் பல வீடுகளில் கண்டிருப்பீர்கள். துவைப்பில் குறையில்லை. காமிராவின் ஒளிமானி, உலகம் பெரும்பாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணும்படி அமைந்தது. எதிரே முழு வெண்மையைக் கண்டால், ஒளி மிகுந்துவிட்டது என்று நினைத்துக் குறைத்துவிடும். ஆகவே பனியைப் படமெடுக்க, காமிரா சொல்வதைவிட ஒன்றரை அல்லது இரண்டு படி ஒளியைக் கூட்டித் திறக்கவேண்டும். மிகவும் கூட்டினாலோ பனியின் மேடு பள்ளங்கள் எல்லாம் அழிந்து வெற்றுத்தாள் ஆகிவிடும். நிழல்கள் நீலமாய் விழும். அது பிழையன்று, நிழலுக்கு ஒளி தருவது வானமே. மாலையில் கதிரவன் சாய்ந்து, மலைச் சரிவுகளில் காற்று அரித்த கோடுகள் எழும்பிய கால்மணி நேரமே நமக்குக் கிடைத்த நல்ல வேளை.

விசையை அழுத்தத் தடித்த கையுறை இடந்தராது. கழற்றினால் அரை நிமிடத்தில் விரல் எரியும். பின் எரிச்சல் நிற்கும். எரிச்சல் நின்றதும் மகிழக் கூடாது, உடனே கையை அக்குளில் வைக்கவேண்டும் என்று நண்பர் கண்டிப்பாகச் சொன்னார். வலி போவதே அங்கு ஆபத்தின் அடையாளம். மூச்சு காமிராவின் பார்வைத் துளையில் பட்டு உறைந்துவிடுமாகையால் மூச்சை அடக்கிக்கொண்டு படமெடுத்தோம். மின்னணுக் காமிரா பதினேழாம் படத்தோடு கண்ணை மூடியது. உள்சட்டைப் பாட்டரியை மாற்றினோம். அதுவும் சிறிது நேரமே நின்றது. பழைய காமிரா கடைசி வரை உழைத்தது.

ஊர் திரும்பி, சென்னையில் படங்களைக் கழுவி, பெரிதாக அச்சிட்டு, கோட்டைக்குப்பத்து வீட்டுக்கு எடுத்துச் சென்றோம். மலைப்படங்களை, அவற்றுள் நாம் பெருமையாகக் கருதிய மாலைநேரப் படத்தையும் சேர்த்து, அந்தத் தாய் ரேஷன் கடைச் சீட்டுகளைப் புரட்டுவதுபோல் புரட்டித் தள்ளினார். எங்கும் மகன் இல்லை. அவ்வளவே அவருக்குத் தெரிந்தது. தந்தை உறைந்த ஏரியின் படத்தைப் பிடித்துக்கொண்டார். "உப்புத் தண்ணின்னு சொல்றீங்க. ஐஸ் மேல உப்புப் போட்டா கரையுமே சாமி, இது எப்டி கட்டி ஆச்சு?" ஐஸ் பெட்டியோடு நாற்பது ஆண்டு பழகியவரின் கேள்வி அது. உப்பு, நீர் உறைவதைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுத்துவிடாது; கடல்நீர்கூட பூஜ்யத்திற்குக் கீழ் இரண்டு பாகையை நெருங்கினால் உறையும்; அங்கே குளிர் இருபது பாகைக்கும் கீழே போகிறது; உறையும்போது நீர் உப்பைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும் என்று விளக்கினோம். நெடுநேரம் யோசித்தார். "அப்ப அடியில இருக்கிற தண்ணி இன்னும் கரிக்கும்" என்றார். ஆம், அது சரியே. நாம் அதுவரை எண்ணிப் பாராதது.

தாய் கைகளின் படத்தில் நின்றார். யாருடைய கை என்று கேட்டார். தொப்பி போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னோம். "தேங்காண்ணை தடவச் சொன்னீங்களா சாமி?" என்றார். சொல்லவில்லை என்றோம். மற்றப் படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதை மட்டும் வைத்துக்கொண்டார்.

அவ்வாண்டு சூன் திங்களில் மகன் விடுப்பில் வந்தார். பனியாற்றில் தம் தவணையை முடித்துக் கீழே இறங்கி விட்டிருந்தார். நம் இல்லத்துக்கு வந்து படங்களைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு சாமி. ஆனா மைனஸ் பத்தொன்பதுன்னா எங்களுக்கு அது கோடைகாலம்" என்று சிரித்தார். அன்று மாலை அவர் வீட்டுக்கு நாமும் சென்றிருந்தோம். பழைய வழக்கு எழுந்தது. நால்வர் படத்தை மகனிடமே நீட்டி, இடப்பக்கமா நடுவிலா என்று இருவரும் கேட்டார்கள்.

"அதுல நான் இல்ல. படம் எடுத்தவனே நான்தான்" என்றார் மகன்.

ஒரு நொடி யாரும் பேசவில்லை. பின் தந்தை உரக்கச் சிரித்தார். எப்படி எடுத்தாய் என்று கேட்டோம், தொழில் ஆர்வத்தால். வலக்கைக் கையுறையை ஒரு நிமிடம் கழற்றவேண்டியிருந்தது என்று சொல்லிச் சுட்டுவிரலைக் காட்டினார். நுனி கறுத்துத் தடித்திருந்தது. வலி இல்லையாம், தொட்டாலும் தெரியாதாம். மருத்துவர் பார்த்துவிட்டார், விரல் நிலைத்துவிட்டது என்றார்.

தாய் அந்த விரலைத் தம் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். விளக்கேற்றும் நேரம் வரை விடவில்லை. பிறகு எழுந்து, ஏரி இறால் கிடைக்கிறதா பார்த்து வருமாறு கணவரை அனுப்பிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.